சிற்றுயிர் உலகின் முதற் சாட்சி

யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே கடலிற் கிடக்கும் நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்றொரு பெயரும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் நமது வடகரையைத் தம் ஆட்சிக்கு உட்படுத்திய ஒல்லாந்தர், இத்தீவுகளுக்குத் தம் தாய்நாட்டு நகரங்களின் பெயர்களை இட்டு வழங்கினர். அவற்றுள் இன்றளவும் நிலைத்திருக்கும் பெயர் இது. அப்பெயருக்குரிய மூலநகரம், கால்வாய்களும் பாலங்களும் கோபுரங்களும் நிறைந்ததோர் ஒல்லாந்து ஊர். யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைக்கு மாறிய 1658 ஆம் ஆண்டில், அந்த ஊரின் தெருவொன்றிலே 25 வயது இளைஞர் ஒருவர் புடைவைக் கடை நடத்திக்கொண்டிருந்தார். பல்கலைக்கழக வாசலை அவர் மிதித்தவரல்லர். அக்காலத்து அறிஞர் மொழியாகிய இலத்தீனையும் அறியார். ஆயினும், மனிதக் கண் அதுவரை கண்டிராத ஓர் உலகத்தை முதன்முதலிற் கண்டு சொல்லும் பேறு அவருக்கே வாய்த்தது. அந்தோனி வான் லீவன்ஹூக் என்னும் அப்பெருமகனின் வாழ்வே இங்கு கூறப்படுகின்றது.

அவர் 1632 ஆம் ஆண்டு ஒக்டோபர் 24 ஆந் திகதி டெல்ஃப்ட் நகரிலே பிறந்தார். தந்தை கூடை முடையுந் தொழிலர். தாய் மதுவடிக்கும் வணிகர் குடும்பத்தவர். மைந்தன் சிறு பாலகனாயிருக்கும்போதே தந்தை இறந்தார். தாய் மறுமணம் புரிந்தபின் சிறுவன் வெளியூர்ப் பள்ளிக்கு அனுப்பப்பட்டான். பின்னர் மாமன் ஒருவரின் பாதுகாப்பில் வளர்ந்தான். 16 ஆவது வயதில் ஆம்ஸ்டர்டாம் நகருக்குச் சென்று புடைவை வணிகர் ஒருவரிடம் தொழில் பயின்றான். 1654 ஆம் ஆண்டிற் சொந்த ஊருக்குத் திரும்பி, பார்பரா என்னும் நங்கையை மணந்து, வீடொன்றை வாங்கிக் கடையுந் திறந்தான்.

இல்வாழ்க்கை துயரம் நிறைந்ததாயிருந்தது. பிறந்த மக்கள் ஐவருள் நால்வர் குழந்தைப் பருவத்திலேயே மாண்டனர். மரியா என்னும் மகள் ஒருத்தியே தப்பி வாழ்ந்தாள். 1666 ஆம் ஆண்டில் மனைவியும் மறைந்தார். 1671 ஆம் ஆண்டிற் செய்துகொண்ட இரண்டாம் மணத்தின் துணைவியும் அவருக்கு முன்னரே காலமானார். ஊரவரோ அவரை நம்பத்தக்க மனிதராக மதித்தனர். நகர மன்றத்தின் மண்டபக் காவலர், நில அளவையாளர், மதுப் பீப்பாக்களின் கொள்ளளவைச் சோதிக்கும் அலுவலர் எனப் பல பொறுப்புகள் அவரைத் தேடி வந்தன. அதே ஊரில் அதே ஆண்டிற் பிறந்த பேரோவியர் வெர்மீர் கடனாளியாக இறந்தபோது, அவர் விட்டுச் சென்ற உடைமைகளைப் பராமரிக்கும் பொறுப்பும் 1676 ஆம் ஆண்டில் இவரிடமே ஒப்படைக்கப்பட்டது. அளப்பதும் எண்ணுவதும் கணக்கு ஒப்புவிப்பதுமே இவருடைய அன்றாடத் தொழில். இப்பழக்கமே பின்னாளில் இவருடைய விஞ்ஞானமாயிற்று என்பதை வாசகர் மனத்திற் கொள்ளவேண்டும்.

துணியின் இழைகளை எண்ணிப் பார்ப்பதற்கு உருப்பெருக்கும் வில்லையைப் பயன்படுத்துதல் அக்காலப் புடைவை வணிகரின் வழக்கம். அந்தச் சிறு வில்லையிலிருந்து லீவன்ஹூக் எப்பொழுது, எவ்வாறு நுணுக்குக்காட்டிக்கு வந்தார் என்பதற்கு அவரே விளக்கம் விட்டுச் செல்லவில்லை. அவர் செய்த கருவி பார்ப்பதற்கு மிக எளியது. விரல் நீளமே உள்ள பித்தளை அல்லது வெள்ளித் தகடுகள் இரண்டு. அவற்றின் நடுவே ஒரு சிறு துளை. அத்துளையிலே கடுகினும் சிறிய ஒரு கண்ணாடி வில்லை. பார்க்கவேண்டிய பொருளை நிறுத்த ஓர் ஊசிமுனை. அதனை முன்னும் பின்னும் நகர்த்தத் திருகாணிகள். கருவியைக் கண்ணோடு ஒட்டி வைத்து, ஒளியை நோக்கிப் பிடித்துப் பார்க்கவேண்டும். இன்று எஞ்சியுள்ள அவருடைய கருவிகளுள் மிகச் சிறந்தது, பொருளை 266 மடங்கு பெரிதாக்கிக் காட்டவல்லது. இலண்டனில் றொபேட் ஹூக் பயன்படுத்திய பல வில்லைக் கருவிகள் அந்த அளவுக்குத் தெளிவாகக் காட்டவில்லை.

டெல்ஃப்ட் நகரில் வாழ்ந்த டி கிராஃப் என்னும் இளம் வைத்தியர் இவருடைய திறனைக் கண்டு வியந்து, 1673 ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகத்தின் செயலாளர் ஓல்டன்பேர்க் என்பாருக்கு இவரை அறிமுகஞ் செய்து எழுதினார். அவ்வாண்டிலேயே அவ்வைத்தியர் இறந்துபோனார். அவர் திறந்துவிட்ட வாயிலோ மூடப்படவில்லை. அன்று தொடக்கம் ஐம்பது ஆண்டுகள் லீவன்ஹூக் அக்கழகத்துக்குக் கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்தார். நூலென்று ஒன்றை அவர் திட்டமிட்டு இயற்றவில்லை. கண்டவற்றையெல்லாம் தாம் அறிந்த ஒல்லாந்து மொழியிலே, பக்கத்து வீட்டாருக்குச் சொல்வதுபோல எழுதினார். கழகத்தார் அவற்றை மொழிபெயர்த்து வெளியிட்டனர்.

1674 ஆம் ஆண்டு கோடைகாலத்தில், ஊருக்கு அணித்தாயுள்ள ஏரியொன்றின் நீர் பச்சைநிறமாகக் கலங்கியிருக்கக் கண்டார். அது பனியினால் விளைவதென்று ஊர்மக்கள் நம்பினர். லீவன்ஹூக் அந்நீரைச் சிறிது மொண்டு சென்று, மறுநாள் மெல்லிய கண்ணாடிக் குழாயிலிட்டு நோக்கினார். திருகுபோலச் சுற்றிய பசிய இழைகளுக்கிடையே எண்ணிறந்த சிற்றுயிர்கள் நீந்தித் திரிந்தன. அவற்றுட் சில நடுவிற் பச்சையும் இரு முனைகளில் வெண்மையுமாய் இருந்தன. பாற்கட்டியில் வாழும் மிகச் சிறிய உண்ணியைவிட அவற்றிற் சில ஆயிரம் மடங்கு சிறியனவென்று மதிப்பிட்டு எழுதினார். பச்சை நடுவுடைய அவ்வுயிர், இன்று நாம் யூக்கிளீனா என்று வழங்கும் ஒருகல உயிராயிருத்தல் வேண்டுமென ஆராய்ச்சியாளர் கருதுவர். சாட்டை போன்ற ஒரு நுண்ணிழையைச் சுழற்றி அது நீந்தும். அவ்வுறுப்பைச் சவுக்குமுளை என்றும், அதனை உடைய உயிர்களைச் சவுக்குமுளையுயிர்கள் என்றும் கூறுவர்.

1676 ஆம் ஆண்டிலே மிளகின் காரத்துக்குக் காரணம் யாதென அறிய விரும்பினார். மிளகின் மேனியிற் கண்ணுக்குப் புலனாகாத முட்கள் இருந்து நாவைக் குத்துகின்றனவோ என்பது அவருடைய ஐயம். கீழைத்தேசக் கப்பல்கள் கொண்டுவந்து குவித்த அந்த மிளகை நீரில் ஊறவைத்துச் சில வாரங்களின்பின் நோக்கினார். முள்ளைக் காணவில்லை. அதற்கு மாறாக, அதுவரை கண்ட சிற்றுயிர்களையும் பேருருவமாகத் தோன்றச் செய்யும் அளவுக்கு நுண்ணிய உயிர்கள் அந்நீரில் மொய்த்திருந்தன. அவை பற்றீரியாக்கள். இச்செய்தியைத் தாங்கிய நீண்ட கடிதம் ஒக்டோபர் மாதத்தில் இலண்டனுக்குச் சென்றது.

இலண்டனில் இதனை எளிதில் நம்பினாரில்லை. ஒரு துளி நீரில் இலட்சக்கணக்கான உயிர்கள் என்பது எவருக்குத்தான் நம்பக்கூடிய செய்தி? கழகத்தார் தாமே சோதித்துப் பார்த்தபோது முதலில் ஒன்றுந் தென்படவில்லை. லீவன்ஹூக் சினந்து வாதிடவில்லை. நீர்த்துளியின் அளவையும், மணலின் அளவையும், சிற்றுயிரின் அளவையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தாம் கணக்கிட்ட முறையை விளக்கினார். அத்துடன் திருச்சபைப் போதகர்கள், நொத்தாரிசு முதலிய நன்மதிப்புடையார் எண்மரை அழைத்து, அவர்கள் தம் கண்ணாற் கண்டதை எழுதிக் கையொப்பமிடச் செய்து, அச்சான்றுகளை 1677 ஆம் ஆண்டில் அனுப்பிவைத்தார். அவ்வாண்டு நவம்பரில் றொபேட் ஹூக் மீண்டும் முயன்று, மிளகு நீரிலே சிற்றுயிர்களைக் கழகத்தார் முன்னிலையிற் காட்டினார். ஐயம் அகன்றது. 1680 ஆம் ஆண்டில் அப்புடைவை வணிகர் அரச கழகத்தின் அங்கத்தவராகத் தெரிவு செய்யப்பட்டார். கழகத்தின் கூட்டமொன்றுக்கேனும் அவர் சென்றதில்லை. தம் வீட்டிலிருந்தபடியே எழுதிக்கொண்டிருந்தார்.

இனி 1681 ஆம் ஆண்டு நவம்பர் 4 ஆந் திகதியிட்ட கடிதத்துக்கு வருவோம். அருவருப்பென்று பிறர் ஒதுக்குவதை ஒதுக்காத மனம் லீவன்ஹூக்குக்கு இருந்தது. ஒருமுறை தமக்கு வயிறு இளகியிருந்தபோது, தமது மலத்தையே நுணுக்குக்காட்டியில் வைத்து நோக்கினார். தெளிந்த திரவத்தினூடே சிற்றுயிர்கள் அசைவதைக் கண்டார். அவற்றின் உடல் அகலத்தினும் நீளம் மிகுந்தது, வயிற்றுப்புறம் தட்டையானது, சிறுகால்கள் பல உண்டு. அக்கால்களை அவை மிக விரைவாக அசைத்தன; எனினும் மெதுவாகவே முன்னேறின. வயிறு செம்மையாயிருக்கும் நாட்களில் அவற்றைக் காணவில்லை என்பதையும் மறவாமற் குறித்தார். அவ்வளவே, அவையே நோயை விளைத்தன என்றோ, விளைக்கவில்லை என்றோ அவர் தீர்ப்புக் கூறவில்லை.

அவர் கண்ட உயிர் ஜியார்டியா என்பது பிற்கால ஆராய்ச்சியாளரின் முடிபு. சிறுகுடலில் ஒட்டி வாழ்ந்து வயிற்றோட்டத்தை உண்டாக்கும் ஒருகல உயிர் அது. எட்டுச் சவுக்குமுளைகளும் இரண்டு கருக்களும் அதற்கு உண்டு. லீவன்ஹூக் கால்கள் என்று எழுதியவை அச்சவுக்குமுளைகளே. 1859 ஆம் ஆண்டில் லாம்பிள் என்னும் வைத்தியர் அதனை மீண்டுங் கண்டு விவரிக்கும் வரை ஏறத்தாழ 180 ஆண்டுகள் அக்குறிப்பு உறங்கிக் கிடந்தது. லீவன்ஹூக்கின் கடிதங்களை மூலத்திற் படிப்பதற்காகவே ஒல்லாந்து மொழியைக் கற்ற டோபெல் என்னும் ஆங்கில விலங்கியலார், 1932 ஆம் ஆண்டில் அவருடைய வரலாற்றை நூலாக வெளியிட்டு அவருடைய சிற்றுயிர்களை அடையாளங் காட்டினார்.

இவ்வுயிரைப் பற்றி நம் காலத்தில் எழுந்த வழக்கொன்றை இங்கு கூறுதல் பொருத்தமாகும். உயிர்களின் கலங்கள் இருவகைப்படும். பற்றீரியாக்களின் கலம் எளியது. அதிற் கருவென்று தனியறை இல்லை. மரமும் மீனும் மனிதனும் சவுக்குமுளையுயிர்களும் சிக்கலான கலத்தால் ஆனவை. அதிற் கருவும் உண்டு, சக்தியை ஆக்கும் இழைமணிகளும் உண்டு. எளிய கலம் எவ்வாறு சிக்கலான கலமாயிற்று? ஒரு கலத்தினுட் புகுந்த பற்றீரியா அங்கேயே குடியாகி இழைமணியாயிற்று என்னும் கருத்தை லின் மார்குலிஸ் 1967 ஆம் ஆண்டில் வலியுறுத்தினார்; பின்னர் அது நிலைநாட்டப்பட்டது. ஜியார்டியாவிலோ இழைமணியைக் காணவில்லை. ஆகவே, இழைமணி வந்து குடியேறுமுன் இருந்த மூதாதையரின் எச்சமே அது என்று, 1983 ஆம் ஆண்டிற் கவலியர் ஸ்மித் என்னும் அறிஞர் கருதினார். லீவன்ஹூக் தமது வயிற்றிற் கண்ட உயிர், சிக்கலான கலங்களின் ஆதிகால வரலாற்றுக்கே சாட்சியாகப் போற்றப்பட்டது.

இருபது ஆண்டுகளே அந்தப் பெருமை நிலைத்தது. 2003 ஆம் ஆண்டில் ஜியார்டியாவின் கலத்தினுள்ளே மிகச் சிறிய உறுப்புகள் சில இழைமணிகளின் தேய்ந்த எச்சங்களே என்று கண்டறியப்பட்டது. அது இழைமணியைப் பெறாத மூதாதையன்று. பெற்றுப் பின்னர் இழந்த வழித்தோன்றல். பிறர் குடலிலே ஒட்டுண்ணியாய் வாழும் உயிர், ஒட்சிசன் அரிதான அவ்விடத்திலே தனக்கு வேண்டாதவற்றைக் கழித்துவிட்டு எளிமையாகிவிட்டது. 2016 ஆம் ஆண்டில், இழைமணியின் எச்சத்தையும் அடியோடு தொலைத்துவிட்ட வேறொரு சவுக்குமுளையுயிரும் கண்டறியப்பட்டது. அதற்கும் மூதாதையர் இழைமணி உடையோராகவே இருந்தனர். எளிமையாய் இருப்பதெல்லாம் பழமையன்று என்னும் பாடத்தை அறிஞர் உலகம் இந்தச் சிற்றுயிர்களிடங் கற்றது.

இன்று இவ்வாராய்ச்சி வேறு திசைகளிற் செல்கின்றது. நன்னீரில் வாழும் றெக்கிளினோமோனாசு என்னும் சவுக்குமுளையுயிரின் இழைமணி, பற்றீரியாவின் பரம்பரையலகுகளை அதுவரை அறியப்பட்ட வேறெவ்வுயிரினும் மிகுதியாகக் காத்து வைத்திருப்பது 1997 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வட அத்திலாந்திக் கடலடிச் சேற்றிலிருந்து, சிக்கலான கலத்துக்கே உரியனவென எண்ணப்பட்ட பரம்பரையலகுகள் சிலவற்றை உடைய ஆக்கியா வகை நுண்ணுயிர்களின் தடயம் 2015 ஆம் ஆண்டிற் கிடைத்தது. அத்தகையதொரு கலமும் பற்றீரியாவும் இணைந்த இணைப்பிலே நமது கலத்தின் தொடக்கம் இருத்தல் வேண்டுமென்பது இன்று பெரும்பாலார் கொள்ளும் கருத்து. அது நிகழ்ந்து நூற்றைம்பது கோடி ஆண்டுகளுக்கு மேலாகின்றது.

சவுக்குமுளையின் உட்புறமும் இத்தொடக்கத்துக்குச் சான்று பகர்கின்றது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலத்திரன் நுணுக்குக்காட்டி அதனைக் குறுக்கே வெட்டிக் காட்டியது. சுற்றிலும் ஒன்பது இரட்டைக் குழாய்கள், நடுவே இரண்டு குழாய்கள் என்னும் ஒரே அமைப்பு யூக்கிளீனாவிலும் ஜியார்டியாவிலும் மனித விந்தணுவின் வாலிலும் காணப்பட்டது. விந்தணுவையும் லீவன்ஹூக்கே 1677 ஆம் ஆண்டில் விவரித்து, அதன் வால் விலாங்குமீன்போல் நெளிவதைக் குறித்திருந்தார். ஏரிநீரிலும் குடலிலும் விந்திலும் அவர் தனித்தனியே கண்ட அசைவுகள், ஒரே மூதாதையிடமிருந்து வந்த ஒரே உறுப்பின் அசைவுகளே. அவ்வுறவை அவர் அறியார். அறிவதற்கு அவருடைய வில்லை போதாது. ஆனால் மூன்றையும் அவர் பிழையின்றிப் பதிந்து வைத்தார்.

அவரிடம் பிழையே இல்லை என்று கூறுதல் பொருந்தாது. விந்தணுவே முழு மனிதனுக்கும் வித்து, தாயின் பங்கு உணவூட்டுவது மட்டுமே என்று அவர் சாதித்தார், அது தவறாயிற்று. அதே வேளையில், அழுகிய பொருளிலிருந்து உயிர்கள் தாமே தோன்றும் என்னும் பழங்கொள்கையை விடாது மறுத்தார். 1700 ஆம் ஆண்டு ஜனவரியில் வொல்வொக்சு என்னும் பசிய உருண்டையை வருணித்து, தாயுருண்டையினுள்ளே சேயுருண்டைகள் வளர்ந்து வெளிப்படுவதைக் காட்டி, உயிர் உயிரிலிருந்தே வருகின்றதென வாதிட்டார். அவ்வுருண்டை, சவுக்குமுளையுடைய கலங்கள் பல கூடி வாழும் சமுதாயம். தனிக்கலம் பலகல உயிராகும் வழியை ஆராய்வோர் இன்றும் அதனையே எடுத்து நோக்குகின்றனர். அவர் கொண்ட முடிபுகளிற் சில வீழ்ந்தன, சில நின்றன. கண்ட காட்சியையும் தம் எண்ணத்தையும் கலவாமற் பிரித்து எழுதினமையால், முடிபு வீழ்ந்த இடத்திலுங் காட்சி வீழவில்லை.

அவருடைய பெருங்குறை வேறொன்று. மிகச் சிறந்த தம் கருவிகளை எவருக்குங் காட்டாது மறைத்தார். 1698 ஆம் ஆண்டில் ருசிய நாட்டுப் பேரரசர் பீற்றர் டெல்ஃப்ட்டுக்கு வந்தபோது, விலாங்கின் உடலிற் குருதி ஓடுவதைக் காட்டி மகிழ்வித்தார். செய்முறையை யாருக்குஞ் சொல்லவில்லை. இளைஞருக்கு இக்கலையைக் கற்பிக்குமாறு தத்துவஞானி லைப்னிற்ஸ் எழுதிக் கேட்டார், அதற்கும் இணங்கவில்லை. ஆகவே மாணாக்கர் எவரும் உருவாகவில்லை. அவர் கண்ட பற்றீரியாக்களின் ஆராய்ச்சி, அவருக்குப்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பெரிதும் தேங்கி நின்றது. 2021 ஆம் ஆண்டில் அவருடைய சிறந்த கருவியொன்றை உடைக்காமலே நியூத்திரன் கதிர்களால் ஊடுருவிப் பார்த்தனர். கண்ணாடி இழையை உருக்கித் திரட்டிய சிறு மணியே அதன் வில்லை என்று தெரிந்தது. அம்முறையையோ றொபேட் ஹூக் 1665 ஆம் ஆண்டிலேயே தமது நூலின் முன்னுரையில் யாவருமறிய எழுதியிருந்தார்! பூட்டி வைத்த பெட்டியினுள் இருந்தது ஊரறிந்த பொருளே. அவருக்கே உரியனவாயிருந்தவை பொறுமையும் கைத்திறனும் கண்ணின் பயிற்சியும். அவற்றை ஒருவர் அருகிலிருத்திப் பழக்கினாலன்றி மற்றவருக்குக் கொடுத்தல் இயலாது. அதனைச் செய்ய அவர் மனங்கொள்ளாமற் போனது அறிவுலகத்துக்கு இழப்பாயிற்று.

தொண்ணூறு வயதிலும் அவருடைய எழுத்து ஓயவில்லை. இறுதி நோயிலே மார்புக்கும் வயிற்றுக்கும் இடைப்பட்ட தசை இயல்பை மீறித் துடிப்பதை உணர்ந்து, அதனையும் ஆராய்ச்சிப் பொருளாக்கி எழுதினார். மரணப் படுக்கையில் நண்பர் ஒருவரை அழைத்து, இரண்டு கடிதங்களை இலத்தீனில் மொழிபெயர்த்து இலண்டனுக்கு அனுப்புமாறு வேண்டினார். 1723 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26 ஆந் திகதி அவர் உயிர் நீத்தார். டெல்ஃப்ட் நகரின் பழைய தேவாலயத்தில் அவர் அடக்கஞ் செய்யப்பட்டார். வெள்ளியாற் செய்த 26 நுணுக்குக்காட்டிகள் அடங்கிய பேழையை அவர் விருப்பப்படி மகள் மரியா அரச கழகத்துக்கு அனுப்பிவைத்தாள். அப்பேழை பத்தொன்பதாம் நூற்றாண்டிற் காணாமற் போயிற்று. ஏனைய கருவிகள் ஏலத்திற் சிதறின.

மறைத்து வைத்த கருவிகள் பெரும்பாலும் மறைந்தொழிந்தன. மறைக்காது எழுதிய கடிதங்களோ வாழ்கின்றன. ஜியார்டியாவைப் பற்றி 1983 இல் ஒரு கொள்கை எழுந்தது. 2003 இல் அது வீழ்ந்தது. நாளை வேறொன்று எழக்கூடும். தட்டையான வயிறு, சிறுகால்கள் பல, விரைந்த அசைவு, மெதுவான செலவு என 1681 ஆம் ஆண்டில் அவர் எழுதிய குறிப்பிலே திருத்த வேண்டிய சொல் அரிது. நம் பாடசாலை ஆய்வுகூடத்திலே, குளத்து நீரின் துளியொன்றை நுணுக்குக்காட்டியில் வைத்து நோக்கும் மாணவனுக்கு ஆசிரியர் முதலிற் சொல்லத்தக்கது இதுவே: புத்தகத்தில் உள்ள படத்தைப் பார்த்து வரையாதே, கண்டதை வரைந்து வை. அவ்வாறு சொல்லிய ஆசிரியர் அம்மாணவன் அருகிலே சிறிது நேரம் நின்று, காணும் வகையையும் காட்டிக் கொடுப்பாராயின், லீவன்ஹூக் செய்யாது விட்ட பணியையும் அவர் செய்தவராவார்.